கூட்டு ஜெபத்தில் கர்த்தருடைய ஜெபத்தை யாருடைய சொல்லில் சொல்வது?

பனையடி | 26 ஜனவரி 2026, முற்பகல் 10.15

நேற்று மாலை எங்கள் ஊரில் கிறிஸ்தவ ஒருமைப்பாட்டு ஜெப வாரத்தின் நிறைவு ஆராதனை நடந்தது. தென்னிந்திய திருச்சபை ஆலயத்தில் கூடினோம். மாதா கோவிலிலிருந்து அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். லுத்தரன் சபையார் ஒரு வேன். இரட்சணிய சேனையிலிருந்து சீருடையோடு ஆறு பேர், தம்பூரினுடன். பாட்டு, வேத வாசிப்பு, பங்குத்தந்தையின் பிரசங்கம் எல்லாம் நன்றாகவே போயின. இந்த ஆண்டின் பகுதி எபேசியர் 4:4. ஒரே சரீரமும் ஒரே ஆவியும் உண்டு என்ற வசனம். ஆர்மீனிய அப்போஸ்தலத் திருச்சபையார் தயாரித்துக் கொடுத்த ஒழுங்கு என்று சொன்னார்கள். அழகாக இருந்தது.

பிறகு எங்கள் ஐயர், "இப்போது கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை நாம் எல்லாரும் ஒரே குரலாகச் சொல்வோம்" என்றார். வினை அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று இழுத்து முடிப்பதற்குள் அவர்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று முன்னே போய்விட்டார்கள். நாங்கள் ஆகாரத்தில் நிற்கிறோம், அவர்கள் குற்றத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் கடனாளிகளை மன்னித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் சோதனையைத் தாண்டி ஆமென் சொல்லிவிட்டார்கள். முதல் வரிசையில் இருந்த ஒரு பாட்டியம்மாள் சிலுவை அடையாளம் வரைந்து உட்கார்ந்தும்விட்டார். நாங்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடங்கியதும் அவர் திடுக்கிட்டு மறுபடி எழுந்தார். எங்கள் பக்கத்திலும் பாதிப் பேருக்குக் குரல் உள்ளே போய்விட்டது. 'என்றென்றைக்கும்' என்ற சொல்லைக் கடைசியில் நானும் ஆர்மோனியக்காரரும் மட்டும் சொன்னோம். பாடகர் குழுவில் ஒரு பையன் சிரித்தான்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். அந்தத் தகுதியை முன்னிட்டு அடுத்த ஆண்டுக்கான ஆராதனை முறையை அச்சிடும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒரே வாசகத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடலாமா? கொடுப்பதென்றால் யாருடைய வாசகத்தை? மற்ற ஊர்களில் என்ன செய்கிறீர்கள்?

---

மாதாகோவில் தெரு | 26 ஜனவரி, முற்பகல் 11.02

ஐயா, அந்தப் பாட்டியம்மாளுக்கு என் அனுதாபங்கள். எங்களுக்கு ஆமென் என்றால் ஆமென்தான்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். நாங்கள் அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்று உங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திருப்பலியில் "தீமையிலிருந்து விடுவித்தருளும்" என்றதும் குருவானவர் தனியாக ஒரு மன்றாட்டைச் சொல்வார். அது முடிந்தபின் ஆட்சி, வல்லமை, மாட்சி எல்லாவற்றையும் மக்கள் சொல்வோம். திருப்பலிக்கு வெளியே, செபமாலையிலோ வீட்டிலோ சொல்லும்போது அது வராது. கூட்டு ஆராதனையிலும் வாய் பழக்கத்துக்கே போகும்.

இன்னொன்று. "விண்ணுலகில்" என்பதே எங்கள் வீட்டில் புதியது. என் அம்மா கடைசிவரை "பரலோகத்திலே இருக்கிற" என்றுதான் சொன்னார். செபமாலையில் அம்மா ஒரு சொல், நான் ஒரு சொல். இரண்டு தலைமுறை ஒரே பாயில் உட்கார்ந்து இரண்டு வாசகம் சொல்லி ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டி முடித்தோம். யாரும் எங்களைப் பிரிந்த சபை என்று சொல்லவில்லை.

---

தரங்கைத் தென்றல் | 26 ஜனவரி, பிற்பகல் 3.30

பனையடி ஐயாவின் பதிவைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நான் மயிலாடுதுறைப் பக்கத்து லுத்தரன். தரங்கம்பாடிக் காற்று கொஞ்சம் உடம்பில் இருப்பதால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடன், குற்றம் இரண்டும் சரி. மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் கடன் என்ற சொல்தான் இருக்கிறது. லூக்கா 11:4-ஐப் பாருங்கள்: அங்கே பாவங்களை மன்னியும் என்றே வருகிறது, அதே வசனத்தில் கடன்பட்டவனும் வருகிறான். அந்தக் கடைசி வரி மத்தேயுவின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை. ஆனால் தொடக்ககாலத் திருச்சபை வழிபாட்டில் அது வழங்கியதற்குச் சான்று உண்டு. ஆக, சொல்பவரும் பிழை செய்யவில்லை, நிறுத்துபவரும் பிழை செய்யவில்லை.

தமிழில் சண்டை இதைவிடப் பழையது. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்துவிட்டது. அதே நூற்றாண்டில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரரின் தமிழையும் போதனையையும் சேர்த்துக் கிழித்து உரைநடை நூல்களே எழுதினார். 'லுத்தேரினத்தியல்பு' என்று ஒரு நூலுக்குப் பெயர். ஒரு பக்கம் இத்தாலியர், மறுபக்கம் ஜெர்மானியர். ஐரோப்பாவில் மூண்ட சண்டையைக் காவிரிக் கரையில் தமிழில் போட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நம் பாட்டனார்கள். நாம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் நின்றுவிட்டோம்.

கடவுளைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கத்தோலிக்கருக்குச் சர்வேசுரன். 18-ஆம் நூற்றாண்டில் பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பில் பராபரன். பாளையங்கோட்டையில் ரேனியஸ் தேவன் என்றார், 1871-இல் வந்த ஒன்றிய மொழிபெயர்ப்பிலும் அதுவே நின்றது. என் பாட்டி 'பராபரனே' என்று ஜெபித்தால், தேவன் என்று சொல்கிறவர்கள் ஏதோ வேற்று மதக்காரர் என்று அவருக்குத் தோன்றும். 1995-இல் கத்தோலிக்க அறிஞரும் புரொட்டஸ்டன்ட் அறிஞரும் சேர்ந்து உழைத்துத் திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் கடவுள், ஆண்டவர். நான் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பிரசங்க பீடத்தில் இன்னும் பழையதுதான். கேட்டால், "அது கத்தோலிக்க பைபிள்" என்கிறார்கள். கத்தோலிக்க நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஊர்ப் பெரியவர் ஒருவர் அதைப் 'பிரிவினைக்காரரோடு சேர்ந்து செய்தது' என்றாராம். இருவரும் ஒரே நூலைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அந்த மட்டிலாவது ஒற்றுமை.

நேற்றைய நாளையே பாருங்கள். ஜனவரி 25 பவுல் மனந்திரும்பிய திருநாள். எங்களுக்குப் பவுல், பழைய கத்தோலிக்கருக்குச் சின்னப்பர். யோவான் அருளப்பர், பேதுரு இராயப்பர். சிறுவயதில் இராயப்பர் என்பவர் யாரோ உள்ளூர்ப் பெரியவர் என்று நினைத்திருந்தேன்.

---

மாதாகோவில் தெரு | 26 ஜனவரி, பிற்பகல் 4.05

என் அப்பாவின் பெயரே சின்னப்பன். சின்னப்பரை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

---

ஓடைநீர் | 26 ஜனவரி, இரவு 8.48

பெரியவர்கள் தவறாக எண்ணக்கூடாது. நான் பெந்தெகொஸ்தே சபை. பனையடி ஐயாவின் பட்டியலைப் படித்தேன். தென்னிந்திய திருச்சபை, மாதா கோவில், லுத்தரன், இரட்சணிய சேனை. உங்கள் ஊரில் பெந்தெகொஸ்தே சபையே இல்லையா? எந்த ஊரிலும் குறைந்தது மூன்று இருக்குமே. ஒருமைப்பாடு என்பது கோபுரம் உள்ளவர்களுக்கு மட்டும்தானா?

எங்களை அழைத்தாலும் வருவோமா என்பது வேறு கேள்வி. எழுதிவைத்ததை வாசிப்பது எங்களுக்கு ஜெபம் ஆகாது. சரி, அது பழக்கம், விட்டுவிடலாம். ஆனால் ஞானஸ்நானத்தை விட்டுவிட முடியாது. குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்ததை நாங்கள் ஞானஸ்நானமாக ஏற்பதில்லை. விசுவாசித்து, அறிக்கையிட்டு, தண்ணீரில் மூழ்கி எழ வேண்டும். நான் 19 வயதில் ஆற்றில் மூழ்கி எழுந்தேன். என் தாய்மாமா தென்னிந்திய திருச்சபை. "உனக்கு நான்தான் ஞானத்தகப்பன், அன்று உனக்கு நடந்தது பொய்யா?" என்று கேட்டு ஒன்றரை ஆண்டு என்னோடு பேசவில்லை. இதை மூடி மறைத்துவிட்டுச் சேர்ந்து பாடுவது உண்மையான ஒற்றுமை என்று எனக்குப் படவில்லை.

---

பனையடி | 26 ஜனவரி, இரவு 9.30

தம்பி, நீ கேட்டது நியாயம். எங்கள் ஊரில் இரண்டு சபைகள் இருக்கின்றன. அழைப்பிதழ் கொடுக்கப்படவில்லை. யாரும் திட்டமிட்டு விடவில்லை, யாருக்கும் நினைவுக்கு வரவில்லை என்பதே உண்மை. அது இன்னும் மோசம் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

ஞானஸ்நானத்தைப் பற்றி ஒன்று. திரித்துவ நாமத்தில் தண்ணீரால் கொடுத்ததைக் கத்தோலிக்கரும் நாங்களும் லுத்தரன்களும் ஒருவருக்கொருவர் ஏற்கிறோம். மாறி வந்தால் மறுபடி கொடுப்பதில்லை. நீங்கள் கொடுக்கிறீர்கள். உங்கள் மனச்சாட்சிப்படி அது மறுபடி இல்லை, முதல் முறை. உன் மாமாவுக்கு அது தன் வீட்டு முற்றத்தில் நின்று அவரைப் பொய்யர் என்று சொன்னதுபோல் இருந்திருக்கும். இருவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. தீர்த்துவைக்க எனக்குத் தெரியவில்லை. மாமா இப்போது பேசுகிறாரா?

---

ஓடைநீர் | 26 ஜனவரி, இரவு 9.41

பேசுகிறார் ஐயா. என் திருமணத்துக்கு மாலை எடுத்துக்கொடுத்தார். அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

---

மாதாகோவில் தெரு | 27 ஜனவரி, காலை 6.50

அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை என்ற வரியை எங்கள் குடும்பத்திலும் மாட்டி வைக்கலாம்.

என் தங்கையைத் தென்னிந்திய திருச்சபைக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி வாங்கி, தாள்களில் கையெழுத்திட்டு, முறைப்படியே நடந்தது. பிள்ளைகளைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். மாப்பிள்ளையிடம் வாக்குக் கேட்கவில்லை, அவருக்குத் தெரிவித்தார்கள், அவ்வளவுதான். இயன்றதைச் செய்தாள். இயலவில்லை. பையன் அப்பாவின் சபையில் வளர்ந்தான்.

போன ஆண்டு அவனுக்குத் திடப்படுத்தல், முதல் திருவிருந்து. நாங்களும் போயிருந்தோம். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. பேராயர் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு வரிசையாகத் திருவிருந்துப் பந்திக்குப் போனார்கள். அப்பா எழுந்தார், மகன் எழுந்தான். அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் முழங்காலிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எழவில்லை. அங்கே யார் வந்தாலும் கொடுப்பார்கள், தடுக்க மாட்டார்கள். தடுத்தது எங்கள் திருச்சபையின் ஒழுங்கும் அவள் மனமும். அவளுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். அவள் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி விரல் அளவாக்கிவிட்டாள்.

நான் அந்த ஒழுங்கைக் குறை சொல்லவில்லை. நற்கருணை என்பது நாம் ஒன்றாக இருக்கிறோம் என்பதன் அடையாளம், ஒன்றாகாமல் அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொள்வது சரியாகாது என்று வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுப்பது எளிது. கடன் என்றா, குற்றம் என்றா என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோமே, அதைப் படித்தபோது அந்தக் கைக்குட்டைதான் நினைவுக்கு வந்தது.

---

தரங்கைத் தென்றல் | 27 ஜனவரி, காலை 9.15

அக்கா, இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் நீதிமானாக்கப்படுதல், அதாவது மனிதன் கடவுள் முன் எப்படி நீதிமான் ஆகிறான் என்பது பற்றிக் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் நம்மைப் பிரித்த கேள்விக்கே அடிப்படையில் ஒத்த பதில் கிடைத்துவிட்டது என்று எங்கள் போதகர் அன்று மகிழ்ந்து பேசினார். அதற்குப் பிறகும் உங்கள் தங்கை எழ முடியவில்லை. அறிக்கை பெஞ்சு வரை வந்து சேரவில்லை.

---

வடபுலத்தான் | 27 ஜனவரி, பிற்பகல் 1.20

யாழ்ப்பாணத்திலிருந்து. பனையடி ஐயா தென்னிந்திய திருச்சபை என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சொந்தம். எங்கள் யாழ்ப்பாண ஆதீனமும் (நீங்கள் திருமண்டலம் என்பீர்கள்) 1947-இல் அதில் சேர்ந்ததே. அமெரிக்க மிஷன் வழி வந்த சபை. முதல் பேராயர் சபாபதி குலேந்திரன், தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புகளின் வரலாற்றை ஆராய்ந்தவர். தரங்கைத் தென்றல் அவரோடு உட்கார்ந்திருந்தால் இருவரும் விடியும்வரை பேசியிருப்பார்கள். இலங்கை முழுவதற்கும் ஒரே திருச்சபை அமைக்கப் பல ஆண்டுகள் முயன்றதும் உண்டு. 1970-களில் வழக்கு வரை போய் நின்றுவிட்டது.

நான் சொல்ல வந்தது வேறு. 1995 அக்டோபர் யுத்த இடப்பெயர்வில் எனக்குப் பதினொரு வயது. நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிப் பக்கம் போனோம். இருட்டு, மழை, சனநெருக்கம். இடம் கிடைத்தது ஒரு கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில். அங்கே எல்லாரும் இருந்தார்கள். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், நாங்கள், சைவக் குடும்பங்கள் பல. பின்னேரம் ஒரு மூலையில் செபமாலை தொடங்கும். அதே நேரம் எங்கள் அம்மம்மா இன்னொரு மூலையில் கீர்த்தனை எடுப்பார். இரண்டும் ஒன்றோடொன்று மோதும். யாரும் நிறுத்தவில்லை. கர்த்தருடைய ஜெபம் வந்தால் அவரவர் சொல்லில் சொல்வோம். யார் முந்தினார், யார் பிந்தினார் என்று பார்க்க ஒருவருக்கும் தெம்பு இல்லை. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. மோசமான சத்தம்தான். ஆனால் நித்திரை வரும்.

பிறகு ஊர் திரும்பினோம். அவரவர் கோயிலைத் திருத்தினோம். இப்போது ஜனவரியில் ஒரு நாள் கூடுகிறோம், தேநீரும் வடையும் உண்டு.

ஆகையால் ஐயா, என் வாக்கு: அச்சிட வேண்டாம். மோதட்டும்.

---

மேட்டுத்தெரு | 27 ஜனவரி, இரவு 10.55

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல பேச்சு, கேலியில்லாமல் சொல்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்டும் ஒன்றாக வேண்டும் என்று ஜெபிக்கிறீர்கள். எங்கள் பங்கில் கத்தோலிக்கரும் கத்தோலிக்கரும் எப்போது ஒன்றாவார்கள்?

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் இருக்கிறது. ஆள் உயரம் இல்லை, இடுப்பு உயரம்தான், தாண்டிவிடலாம். சவப்பெட்டியோடு தாண்ட முடியாது. அவர்கள் பக்கத்துக்கு முன்வாசல். எங்கள் பக்கத்துக்கு ஓடைக்கரை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அப்பாவைப் புதைத்தது ஐப்பசி மாதம். ஓடையில் தண்ணீர். நான்கு பேர் முழங்கால் சேற்றில் பெட்டியைத் தூக்கிப் போனார்கள், பங்குத்தந்தை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவர் நல்ல மனிதர். "என் கையில் இல்லை தம்பி" என்றார்.

இது எங்கள் ஊரில் மட்டும் உள்ளதில்லை, கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதும் இல்லை. வடக்கன்குளம் கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகச் சுவர் இருந்து, வழக்கும் நடந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. தஞ்சாவூர், சென்னை ஆங்கிலிக்கன் சபைகளில் சாதிப்படி உட்கார்வதை எதிர்த்து 1833-இல் கல்கத்தா பிஷப் வில்சன் கடிதம் எழுதினார், அதற்காகச் சபையை விட்டே போனவர்கள் உண்டு. எல்லாப் பாரம்பரியங்களும் ஒரே குரலாக ஒத்துப்போன ஒரு காரியம் தமிழ்நாட்டில் உண்டென்றால் அது இதுதான். இதற்கு எந்தக் கூட்டு அறிக்கையும் தேவைப்படவில்லை.

---

மட்டுறுத்துநர் | 27 ஜனவரி, இரவு 11.20

மேட்டுத்தெரு எழுதியது தலைப்புக்கு வெளியே என்று இருவர் முறையிட்டிருக்கிறார்கள். தலைப்புக்கு உள்ளேதான் இருக்கிறது. நீக்கவில்லை.

---

தரங்கைத் தென்றல் | 28 ஜனவரி, காலை 7.40

தம்பி மேட்டுத்தெரு, எங்கள் பக்கத்துக் கதை எனக்குத் தெரியும். மறுக்க ஒன்றும் இல்லை.

ஒரு தகவல், உனக்குப் பயன்படலாம். 2013-ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டு வாரத்துக்கான ஜெபங்களை உலகம் முழுவதற்கும் எழுதிக் கொடுத்தவர்கள் இந்திய மாணவர்கள். இந்திய கிறிஸ்தவ மாணவர் இயக்கம், அகில இந்திய கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பின் துணையோடு செய்தது. மீகா 6-ஐ எடுத்துக்கொண்டார்கள்: நியாயம் செய், இரக்கத்தை நேசி, மனத்தாழ்மையாய் உன் தேவனோடு நட. தலித் மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியை நடுவில் வைத்து, இதைப் பேசாமல் திருச்சபைகளின் ஒற்றுமையைப் பேச முடியாது என்று வெளிப்படையாக எழுதினார்கள். ஆக நீ தலைப்பை மாற்றவில்லை. அதை ஓர் ஆண்டோடு மறந்துவிட்டு எழுத்துப் பிழை பார்க்கப் போனவர்கள் நாங்கள்.

---

ஓடைநீர் | 28 ஜனவரி, காலை 8.10

மேட்டுத்தெரு அண்ணன், எங்கள் சபைக்கு வந்தவர்களில் பலர் உங்கள் தெருவிலிருந்து வந்தவர்கள்தான். தண்ணீரில் மூழ்க மட்டும் வரவில்லை என்று இப்போது புரிகிறது. எங்களிடம் இது இல்லை என்று பெருமையாக எழுத நினைத்தேன். பெண் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதை யோசித்து அழித்துவிட்டேன்.

---

பனையடி | 28 ஜனவரி, இரவு 9.05

நேற்றிரவு மேட்டுத்தெரு எழுதியதைப் படித்தபின் உறக்கம் சரியாக இல்லை. காலையில் பழைய தாள்களைப் புரட்டினேன். தெரிந்த கதைதான், ஆனால் வேறு மாதிரி படித்தது.

1919 மே மாதம் சபைகளை ஒன்றாக்குவது பற்றிப் பேசத் தரங்கம்பாடியில் கூடினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயர் முன்னின்றார், வந்தவர்கள் பெரும்பாலும் இந்தியக் குருமார். இந்தப் பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம்மேல் வைக்கப்பட்டவை, இவற்றை நிலைநிறுத்த நமக்கு விருப்பம் இல்லை என்று எழுதினார்கள். உண்மைதானே. மிஷன்காரர் எல்லை பிரித்துக்கொண்டார்கள். திருநெல்வேலி ஆங்கிலிக்கனுக்கு, மதுரை அமெரிக்கருக்கு, நாகர்கோவில் லண்டன் மிஷனுக்கு. எந்தத் தாலுகாவில் பிறந்தோமோ அதுவே நம் இறையியல்.

பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் பேசினார்கள். பேராயர் வேண்டுமா, வேண்டாமா என்பதே பெரிய சிக்கல். பேராயர் கை வைத்துக் குருப்பட்டம் தராத குருமாரையும் அப்படியே ஏற்பது, இனி வருபவர்களுக்குப் பேராயர் கை வைப்பது என்று வழி கண்டார்கள். அதையும் ஏற்காமல் நந்தியாலில் ஒரு பகுதியார் வெளியே நின்றார்கள். லுத்தரன்கள் பேச்சுவார்த்தையோடு நின்றார்கள். தரங்கைத் தென்றல் கோபிக்க வேண்டாம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்திய திருச்சபை பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 புத்தாண்டு அன்று காலமாகிவிட்டார். "அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்பதைச் சின்னத்தில் பொறித்துக்கொண்டோம்.

என் நாற்பது ஆண்டு ஆசிரியப் பணியில் இதை எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன்! பிரிவினை வெளியிலிருந்து வந்தது என்று சொல்லும்போது கைதட்டுவார்கள். வெளியிலிருந்து வராத பிரிவினை ஒன்று இருக்கிறது. அதை ஒரு மேடையிலும் நான் சொன்னதில்லை.

இன்று மாலை எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எங்களிடம் சுவர் இல்லை என்று எழுதத்தான் போனேன். சுவர் இல்லை. வரிசையாக வேப்ப மரங்கள் இருக்கின்றன. மரத்துக்கு அந்தப் பக்கம் கல்வெட்டு உள்ள கல்லறைகள் குறைவு, பல வெறும் மண்மேடு. என் மாணவன் ஒருவன், செய்யுள் ஒப்பித்தலில் மாவட்டப் பரிசு வாங்கியவன், அங்கே இருக்கிறான். அவன் அடக்கத்துக்கு வந்தபோது மரங்களை நான் பார்க்கவில்லை. நிழல் என்று நினைத்து நின்றிருந்தேன்.

---

மேட்டுத்தெரு | 28 ஜனவரி, இரவு 9.50

ஐயா, போய்ப் பார்த்ததற்கு நன்றி. பதில் எதிர்பார்க்கவில்லை.

---

மாதாகோவில் தெரு | 28 ஜனவரி, இரவு 10.12

தம்பி, பங்கு எது என்று கேட்க மாட்டேன். உன் அப்பாவின் பெயரை மட்டும் தனியாக எழுதி அனுப்பு. ஞாயிறு திருப்பலியில் சொல்லக் கொடுக்கிறேன்.

---

வடபுலத்தான் | 29 ஜனவரி, காலை 6.30

இந்த ஒருமைப்பாட்டு ஜெப வாரத்தைத் தொடங்கியவர் நியூயார்க்குப் பக்கத்து ஆங்கிலிக்கக் குரு பால் வாட்சன், 1908-இல். எல்லாரும் ரோமாபுரிக்குத் திரும்ப வேண்டும் என்பதே அப்போது கருத்து, மறு ஆண்டே அவரும் கத்தோலிக்கராகிவிட்டார். 1930-களில் லியோன் நகரத்துக் கத்தோலிக்கக் குரு கூத்தூரியே அதை மாற்றினார். கிறிஸ்து விரும்பும் ஒருமையை, அவர் விரும்பும் வழியில் கேட்போம் என்றார். எங்கள் அம்மம்மாவுக்கு அவரை யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் கீர்த்தனையை இன்னும் சத்தமாக எடுத்திருப்பார்.

---

பனையடி | 2 பிப்ரவரி, இரவு 8.25

நேற்று ஆராதனைக்குப் பின் குழு கூடியது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

கர்த்தருடைய ஜெபம்: ஒரே வாசகம் அச்சிடுவதில்லை. இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் போடுகிறோம், அவரவர் சொல்லில் சொல்லலாம். யாழ்ப்பாணத்துக்காரர் வென்றார். ஆனால் "தீமையிலிருந்து" என்ற இடத்தில் எல்லாரும் நிற்க வேண்டும், பங்குத்தந்தை அவர்கள் முறைப்படி மன்றாட்டைச் சொல்வார், அதன் பிறகு ராஜ்யமும் ஆட்சியும் சேர்ந்து வரும். பாட்டியம்மாள் உட்காராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர் பேத்திக்கு.

பெந்தெகொஸ்தே சபைகள் இரண்டுக்கும் நானே நேரில் போனேன். ஒரு போதகர் வருகிறேன் என்றார், எழுதாத ஜெபம் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் கேட்டார். கொடுத்திருக்கிறோம். ஐந்து நிமிடத்தில் முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். மற்றவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மூன்றாவதாக, ஆராதனைக்கு முன் கல்லறைத் தோட்டத்தில் இரு பக்கமும் நின்று ஜெபித்துவிட்டு, அங்கிருந்து பவனியாக ஆலயத்துக்கு வரலாம் என்று முன்மொழிந்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒருவர், "அது இந்த வாரத்துக்கான விஷயம் இல்லையே சார்" என்றார். இன்னொருவர் மைக் செட் அங்கே கொண்டுபோக முடியாது என்றார். பொருளாளர் வேனுக்குச் செலவாகும் என்றார், நடந்து வரும் தூரம்தான். எங்கள் ஐயர் மட்டும், "அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்காமல் குறிப்பேட்டில் எழுதுங்கள்" என்றார். எழுதியிருக்கிறது. முடிவாகவில்லை.

---

மேட்டுத்தெரு | 2 பிப்ரவரி, இரவு 9.15

அடுத்த ஆண்டு ஜனவரி 25 திங்கட்கிழமை வருகிறது ஐயா. ஞாயிறு 24 அன்று வைத்தீர்கள் என்றால் எனக்கு விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஊர் பெயரைத் தனியாக அனுப்புங்கள். பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

---

பனையடி | 2 பிப்ரவரி, இரவு 9.22

அனுப்பிவிட்டேன். கல்லறைத் தோட்டம் பஸ் நிறுத்தத்துக்கு முன்னாலேயே வரும், நடத்துநரிடம் சொல்லி அங்கேயே இறங்கிக்கொள். பவனி உண்டோ இல்லையோ, நான் நாலரை மணிக்கு அங்கே நிற்பேன்.